மந்த காலத்தில் உள்ளூர் அலுவலக வேலை: கடலூரிலும் புதுச்சேரியிலும் தேடும் முறை

தொழில் மந்தமாகும்போது நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது புதிய ஆள் எடுப்பதைத்தான். அடுத்தபடியாக, அலுவலகத்தில் ஓர் எழுத்தரோ கணக்கரோ விலகினால் அவருடைய நாற்காலி காலியாகவே கிடக்கும். அவர் பார்த்த வேலை பக்கத்து மேசைக்குப் போய்ச் சேரும். நாளிதழின் வரி விளம்பரப் பகுதி சுருங்கும். வாட்ஸ்அப் குழுக்களில் ஆறு மாதத்துக்கு முந்தைய அறிவிப்புகளே சுற்றிச் சுற்றி வரும். இதைப் பார்த்துவிட்டுக் கடலூரில் வேலையே இல்லை என்று முடிவுகட்டிச் சென்னைக்குப் பெட்டி தூக்கியவர்களை 2009-இல் பார்த்தேன். 2020-இல் சென்னையிலிருந்து திரும்பி வந்து, இங்கும் ஒன்றும் இல்லை என்று சோர்ந்து உட்கார்ந்தவர்களையும் பார்த்தேன்.

நான் ஓர் ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் ஊதியப் பட்டியல் எழுதத் தொடங்கி, பிற்பாடு ஆட்களை நேர்காணும் இடத்துக்கு வந்தவன். இடையில் இரண்டு முறை வேலை இழந்தவன். இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. விற்பனை குறைந்தாலும் குறையாத தாள் வேலை என்று ஒன்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்கு, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு, வருமான வரிப் பிடித்தம் ஆகியவற்றை நிறுவனம் நட்டத்தில் ஓடினாலும், பாதி ஆட்களை அனுப்பிவிட்டாலும், மாதந்தோறும் குறித்த நாளில் செலுத்தியே தீர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வட்டியும் அபராதமும் ஏறும். ஆட்களை அனுப்புவதற்கே கணக்கு முடிப்பது, பணிக்கொடை கணக்கிடுவது, பணிச் சான்று வழங்குவது என்று தனியாக ஒரு கட்டு வேலை சேரும். ஆகவே மந்த காலத்தில் வேலை தேடுபவர் எந்த நிறுவனம் வளர்கிறது என்று விசாரிப்பதைக் காட்டிலும், எந்த மேசையில் தேதி தவறக்கூடாத தாள் குவிந்து கிடக்கிறது என்று விசாரிப்பதே பலன் தரும்.

அரசுத் தேர்வும் காத்திருப்பும்

இதைச் சொன்னால் பலர் வருத்தப்படுவார்கள். ஆயினும் முதலில் சொல்லிவிடுவது நல்லது. தனியார் துறை சுருங்கும்போது அரசுப் பணி கைகொடுக்கும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. வருவாய் குறையும்போது அரசும் செலவைச் சுருக்கும். 2020 மே மாதம் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆக உயர்த்தப்பட்டது. 2021 பிப்ரவரியில் அது 60 ஆனது. அந்த ஆண்டுகளில் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர்கள் நாற்காலியில் தொடர்ந்ததால், அந்த இடங்கள் காலியாவதும் தள்ளிப்போனது. தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வு 2019 செப்டம்பர் 1-க்குப் பிறகு 2022 ஜூலை 24 அன்றுதான் நடந்தது. முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அந்த மூன்றாண்டு இடைவெளியில் வேறு வேலைக்கே போகாமல் படித்துக்கொண்டிருந்த பல இளைஞர்களின் பயோடேட்டா பின்னர் என் மேசைக்கு வந்தது. அவர்களுடைய அறிவில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 'இந்த மூன்று ஆண்டுகளில் என்ன செய்தீர்கள்' என்ற கேள்விக்கு அவர்களிடம் எழுத்தில் காட்ட ஒன்றும் இல்லை.

எனவே தேர்வுக்கு விண்ணப்பியுங்கள், படியுங்கள். ஆனால் ஒரு மேசையில் உட்கார்ந்துகொண்டே படியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கான வகுப்புகள் இலவசம் என்பதால், பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு நாள் போய்ப் பார்த்துவிடலாம். அதே மையத்தில் உங்கள் வேலைவாய்ப்புப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், தகுதிக்கேற்ப மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை உதவித்தொகை உண்டு. பேருந்துச் செலவுக்குக்கூடப் போதாத தொகைதான். இருந்தாலும் உரியதை விட வேண்டியதில்லை. மையத்தில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போய்வாருங்கள். அங்கே வரும் இடங்களில் விற்பனைப் பிரதிநிதி, தொழிற்சாலைப் பயிற்சியாளர் பணிகளே மிகுதி. அலுவலகப் பணி ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆனால் நிறுவனத்தின் மனிதவளப் பணியாளரே நேரில் வந்து உட்கார்ந்திருப்பார் என்பதால், அன்று இடம் இல்லாவிட்டாலும் பேச ஆள் கிடைக்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது

கடலூர் மாவட்டத்தின் 10 வட்டங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. வேலை தேடும்போது முதலில் உங்கள் ஊரிலிருந்து ஒரே பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் எந்த வகைத் தாள் வேலை இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் வட்டாரத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் நீதிமன்றங்களையும் சுற்றி வழக்கறிஞர் அலுவலகங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், பத்திர எழுத்தர்கள், தட்டச்சு நிலையங்கள் ஆகியவை அடர்ந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை பார்க்கும் இடங்கள். இவை ஒருபோதும் விளம்பரம் கொடுப்பதில்லை. ஒருவர் திருமணமாகிப் போனாலோ அரசுத் தேர்வில் தேறினாலோ அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்ற செய்தி, முத்திரைத்தாள் விற்பவர், நகல் எடுக்கும் கடைக்காரர், தட்டச்சு ஆசிரியர் ஆகிய மூவருக்கும் போகும். நான் முதல் முறை வேலை இழந்தபோது அடுத்த வேலையைச் சொன்னவர் ஒரு நகல் கடைக்காரர்தான். என் சான்றிதழ்களை நாலாவது முறையாக நகலெடுத்தபோது, 'எதுக்கு தம்பி இத்தனை செட்டு?' என்று அவராகவே கேட்டார். அன்றிலிருந்து, வேலை தேடுகிறேன் என்பதை யாரிடம் சொல்ல வெட்கப்படுகிறோமோ அவரிடமே முதலில் சொல்ல வேண்டும் என்று பிறருக்கும் சொல்லிவருகிறேன்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் என்னும் அரசுத் தொழிற்பேட்டை வளாகத்தின் வேதிப்பொருள் ஆலைகள் வேறு வகை. ஆலை வாயிலில் பயோடேட்டா கொடுப்பதால் பெரும்பாலும் பயன் இல்லை. காவலாளியின் மேசை இழுப்பறையோடு அது நின்றுவிடும். டைம் ஆபீஸ் (வருகைப் பதிவுப் பிரிவு), ஸ்டோர், சரக்கு அனுப்பும் பிரிவு ஆகிய இடங்களில் பல நேரம் ஒப்பந்ததாரர்களின் ஆட்களே இருப்பார்கள். ஆகவே ஆலைக்கு ஆள் வழங்கும் ஒப்பந்ததாரர் யார், அவருடைய அலுவலகம் எங்கே என்று அங்கே வேலை பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டறிந்து அங்கே போங்கள். நெய்வேலியிலும் இதே கதைதான். பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் நேரடிப் பணியிடங்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி இருக்கும்; ஆனால் அதன் ஒப்பந்ததாரர் ஒவ்வொருவரும் வருகைப் பதிவேடு, ஊதியப் பதிவேடு, வைப்பு நிதிக் கணக்கு ஆகியவற்றைச் சரியாக வைத்திருந்தால்தான் அவருடைய பில்லுக்குப் பணம் வரும். அந்தப் பதிவேடுகளைத் தவறில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு அங்கே எப்போதும் மதிப்பு உண்டு. வணிகவியல், கணினிப் பயன்பாடு போன்ற பட்டங்கள் பெற்றவர்களையும் என்.எல்.சி. ஓராண்டுத் தொழில் பழகுநராக எடுப்பதுண்டு. முடிவில் வேலை உறுதி இல்லை என்றாலும், உதவித்தொகையும் ஒரு பெரிய அலுவலகத்தின் சான்றும் கிடைக்கும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா வியாபாரமும், நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையைச் சார்ந்த வேலைகளும் பருவத்தோடு ஏறி இறங்கும். மண்டிகளிலும் முந்திரி ஏற்றுமதியாளர்களிடமும் கணக்கு எழுத ஆள் வேண்டியிருப்பது கொள்முதல் தொடங்குவதற்குச் சற்று முன்பு. பருவம் நடக்கும்போது போனால் உங்களோடு பேசவே அவர்களுக்கு நேரம் இருக்காது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளில் சம்பா அறுவடையின்போது நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறக்கும். அவற்றில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் பணிக்கு நுகர்பொருள் வாணிபக் கழகம் அறிவிப்பு வெளியிட்டால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். சில மாத வேலை என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். பயோடேட்டாவில் விழுந்துகிடக்கும் வெற்றிடத்தை அது அடைக்கும்.

மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வரும் ஒப்பந்தப் பணிகளைப் பலர் கவனிப்பதே இல்லை. மாவட்ட நலவாழ்வுச் சங்கம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சட்டப் பணிகள் ஆணைக்குழு போன்றவை தரவு உள்ளீட்டாளர், கணக்கு உதவியாளர், அலுவலக உதவியாளர் ஆகியோரைத் தொகுப்பூதியத்தில் எடுக்கின்றன. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வெளியாகும். விண்ணப்பிக்க இரண்டு வாரமோ அதற்கும் குறைவாகவோதான் நாள் இருக்கும். காலம் பெரும்பாலும் 11 மாதங்கள். நிரந்தரமாக்கும்படி கோர மாட்டேன் என்ற உறுதிமொழியையும் கேட்பார்கள். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொண்டு, அந்த இணையதளத்தின் ஆள்சேர்ப்புப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். சான்றொப்பமிட்ட நகல்கள் இரண்டு தொகுப்பு எப்போதும் கையில் இருந்தால், கடைசி நாளில் ஓட வேண்டியிருக்காது.

எந்த நாளில் போவது

இதை நான் தனியாகச் சொல்லக் காரணம், நல்ல ஆட்கள் தவறான நாளில் வந்து திரும்பிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தின் மாதம் இப்படி ஓடும்: 7-ஆம் தேதிக்குள் வருமான வரிப் பிடித்தத்தைச் செலுத்த வேண்டும், சம்பளமும் அதையொட்டியே போகும். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விற்பனை விவரம். 15-ஆம் தேதி வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும். 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. மாதக் கணக்கும் வரியும். இந்த இருபது நாட்களுக்குள் கணக்கு அலுவலகத்துக்குப் போய் 'வேலை இருக்கிறதா' என்று கேட்டால், முகம் பார்க்காமலே இல்லை என்பார்கள். 21-ஆம் தேதி முதல் 27-ஆம் தேதி வரை, முற்பகல் பதினொன்றரை மணி வாக்கில் போங்கள். முந்தைய வாரத்து நெருக்கடி அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. இன்னொரு கை இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்ற நினைப்பும் ஆறியிருக்காது. ஆடிட்டர் அலுவலகங்களுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை வேலை குவியும் என்பதால், அங்கே மே, ஜூன் மாதங்களிலேயே போய்ச் சேர வேண்டும். நீதிமன்றத்தின் மே மாத விடுமுறை வழக்கறிஞர்களை நிதானமாகச் சந்திக்க உகந்தது.

கையில் என்ன இருக்க வேண்டும்

தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலை) முடித்திருப்பது இன்றும் வலுவான சீட்டு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரி, ஆகஸ்ட் என ஆண்டுக்கு இரண்டு முறை அந்தத் தேர்வை நடத்துகிறது. வேலை இல்லாத ஆறு மாதத்தை இதற்குச் செலவிட்டால் வீணாகாது. ஆனால் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். தட்டச்சு நிலையத்தில் பழகிய விசைப்பலகை ஒன்று, அலுவலகக் கணினியில் இருப்பது இன்னொன்று. சில அலுவலகங்களில் யுனிகோடில் தமிழ்99 முறையில் அடிப்பார்கள். சிலவற்றில் இன்னமும் வானவில் எழுத்துருவில் அமைந்த பழைய கோப்புகள் இருக்கும். இரண்டிலும் ஒரு பக்கம் அடிக்கத் தெரிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் தெரிந்தவரை முதல் நாளிலேயே மேசையில் உட்கார வைப்பார்கள்.

கணக்குப் பக்கம் போகிறவர் டாலி கணக்கு மென்பொருள் படித்தேன் என்று எழுதினால் போதாது. அதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இங்கே கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்குப் போனால், தூரம் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும், சட்டப்படி அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. ஆகவே ஜி.எஸ்.டி.யை மாநில வரி, மத்திய வரி என்று பிரிக்காமல் ஒருங்கிணைந்த வரியாகப் போட வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாலே இ-வே பில் என்னும் மின்னணுச் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். அதே லாரி கடலூரிலிருந்து இன்னும் தொலைவில் இருக்கும் விருத்தாசலத்துக்குப் போனால், தமிழ்நாட்டுக்குள் என்பதால் ஒரு லட்சம் வரை அது தேவையில்லை. இந்த வேறுபாட்டை நேர்காணலில் தானாகவே சொன்ன ஒரு பெண்ணுக்கு நான் அடுத்த கேள்வியே கேட்கவில்லை. எப்போது சேர முடியும் என்றுதான் கேட்டேன். வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. தளங்களில் புதிய ஆளைப் பதிவது, மாதப் பட்டியல் ஏற்றுவது, ஆதாரில் உள்ள பெயருக்கும் கணக்கில் உள்ள பெயருக்கும் வேறுபாடு இருந்தால் திருத்தக் கோருவது ஆகிய மூன்றையும், அந்த வேலையில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் நான்கு மாலைகள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

பயோடேட்டா ஒரு பக்கம் போதும். பொழுதுபோக்கு, இலட்சியம், ஒப்புறுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் கையாண்ட பதிவேடுகளின் பெயரையும் எத்தனை ஆட்களுக்கான ஊதியப் பட்டியல் போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக வருவீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். மந்த காலத்தில் முதலாளிகள் அஞ்சுவது, ஆள் இரண்டே மாதத்தில் நின்றுவிடுவாரோ என்றுதான்.

எல்லை தாண்டிப் போவதானால்

ஆல்பேட்டையைக் கடந்து ரெட்டிச்சாவடி வழியாகக் கன்னியக்கோயிலை அடைந்தால் புதுச்சேரி தொடங்கிவிடும். அங்கிருந்து கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வரை சாலையோரமாக மருத்துவக் கல்லூரிகளும் பிற கல்வி நிறுவனங்களும் தொழிற்கூடங்களும் உண்டு. கடலூர்க்காரருக்கு இவை சிப்காட்டைப் போலவே பக்கம்தான். ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். புதுச்சேரி அரசின் எழுத்தர் பணிகளுக்கு அங்கே குடியிருந்ததற்கான சான்று கேட்பார்கள். கடலூர் முகவரியோடு அதற்கு விண்ணப்பித்துப் பயன் இல்லை. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவ நிறுவனமும் காலாப்பட்டில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகமும் மத்திய அரசு நிறுவனங்கள் என்பதால், அவற்றின் பணியிடங்களுக்கு எந்த மாநிலத்தவரும் விண்ணப்பிக்கலாம். தனியாரிடம் சேர்ந்தால் உங்கள் வைப்பு நிதி எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் எல்லையில் நின்றுவிடாமல் கூடவே வரும். இன்னொன்று: நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியில் விடுதலை நாள் விடுமுறை, ஆகஸ்ட் 15-க்கு மறுநாளும் அங்கே விடுமுறை. தெரியாமல் பேருந்தேறிப் பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

அங்கே சொல்லும் சம்பளத்தை அப்படியே ஒப்பிடாதீர்கள். போக்குவரத்துச் செலவையும் மதிய உணவையும் கழித்து, பயண நேரத்தையும் கணக்கிட்டு, அதன் பிறகு மஞ்சக்குப்பத்தில் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். பல நேரங்களில் வேறுபாடு சில நூறு ரூபாய்தான் தேறும்.

சேருவதற்கு முன்னும் பின்னும்

வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம், சீருடைக்கு வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டிலிருந்தே தரவு உள்ளீடு என்று சொல்லி ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கி, பிழை அதிகம் என்று கூறி வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி மிரட்டிப் பணம் பறிப்பது மந்த காலத்தில் தழைக்கும் தொழில். அப்படி வந்தால் பணம் கட்டாமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவிடம் புகார் செய்யுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் ஆள் தெரியும், இத்தனை லட்சம் கொடுத்தால் இளநிலை உதவியாளர் ஆகலாம் என்பவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரும்படி கேளுங்கள்.

பழைய நிறுவனம் மூடிவிட்டாலோ பதில் தராவிட்டாலோ, உங்கள் வைப்பு நிதிக் கணக்கில் பணி விலகிய தேதி பதிவாகாமல் கிடக்கலாம். கடைசிப் பங்களிப்பு செலுத்தப்பட்டு இரண்டு மாதங்கள் ஆன பிறகு, அந்தத் தேதியை நீங்களே தளத்தில் பதிந்துகொள்ள முடியும். புதிய இடத்தில் சேரும்போது அதே எண்ணைக் கொடுங்கள். புதிய எண் ஒன்று உருவாக விடாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அங்கே பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்த்தால், இ.எஸ்.ஐ. உண்டா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள்; உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், நிறுவனம் 3.25 சதவீதம் செலுத்தும்.

முதல் மாதச் சம்பளம் வந்ததும், அடுத்த மாதம் 15-ஆம் தேதி கழித்து ஒரு வாரம் பொறுத்து உங்கள் வைப்பு நிதிப் பாஸ்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும் நிறுவனத்தின் பங்கும் அதில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதைக் கணக்குப் பிரிவில் அமைதியாக, எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது மாதமும் ஏறவில்லை என்றால், பயோடேட்டாவை மறுபடியும் நகலெடுக்கக் கொடுங்கள்.